கணினி கேள்வி–பதில்: கேட்டுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்

போன இதழில் லினக்ஸ் பற்றி எழுதும்போது, "சிக்கல் வந்தால் பயனர் குழுவின் ஐஆர்சி அறையில் போய்க் கேளுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஐஆர்சி என்பது இணையத்தில் பலர் கூடி எழுத்தில் பேசும் அரட்டை முறை. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் அதிகம். அதனால் எக்செல், பிரிண்டர் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டு, இந்தத் தடவை முழுக்க இதற்கே ஒதுக்குகிறேன். யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும்.

*

அக்கா, வணக்கம். பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் 11 என்ற லினக்ஸ் வகையைப் போட்டிருக்கிறேன். எல்லாம் வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. சீனியர் ஒருவர் "ஐஆர்சியில் கேள்" என்றார். அது வாட்ஸ்அப் குரூப் மாதிரியா? போன் நம்பர் கொடுக்க வேண்டுமா? எப்படிச் சேர்வது?
— கல்லூரி மாணவி, கரூர்

நம்பர் வேண்டாம்மா. முதல் நாள் மின்னஞ்சல் கூட வேண்டாம். ஒரு புனைபெயர் போதும்.

வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது உங்களைச் சேர்த்துவிட வேண்டும். ஐஆர்சி அப்படியில்லை, கதவு திறந்திருக்கும் கூடம். 1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்கரினென் என்பவர் எழுதியது. இன்றைக்கும் லினக்ஸ்காரர்கள் கூடும் பல இடங்கள் அதன்மேல்தான் ஓடுகின்றன. அங்கே நெட்வொர்க் என்பது ஊர், சேனல் என்பது அந்த ஊரில் ஓர் அறை. அறையின் பெயர் ஹேஷ் குறியோடு தொடங்கும். ஊரை மாற்றிப் போட்டால் அதே பெயரில் வேறோர் அறைக்குள் போய் நிற்பீர்கள், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். முதல் தடவை வருகிறவர்கள் பாதிப்பேர் தடுக்கி விழுவது இங்கேதான். டெபியனின் அறை 2006 ஜூனிலிருந்து ஓஎஃப்டிசி என்ற நெட்வொர்க்கில் இருக்கிறது. வேறு பல திட்டங்களும் பயனர் குழுக்களும் லிபெரா சாட் என்ற நெட்வொர்க்கில் இருக்கின்றன. எந்தக் குழுவில் சேரப் போனாலும் "எந்த நெட்வொர்க்?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வைஃபையே இல்லை என்பதால் போனிலிருந்து போங்கள். ஓஎஃப்டிசியின் தளத்திலேயே வெப்சாட் இருக்கிறது. புனைபெயர் ஒன்று, அறையின் பெயர் என்ற இடத்தில் ஹேஷ் போட்டு டெபியன், அவ்வளவுதான். பின்னால் லேப்டாப் சரியானதும் கான்வர்சேஷன் அல்லது வீசாட் போன்ற ஒரு செயலியை நிறுவிக்கொள்ளலாம். அதில் போர்ட் எண் கேட்டால் 6697 கொடுத்து டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தை டிக் செய்யுங்கள். பழைய குறிப்புகளில் 6667 என்று இருக்கும். அது மறையாக்கம் இல்லாத வழி, நடுவில் இருக்கிறவர்கள் படிக்கலாம்.

செயலியில் ஒரே பெட்டியில்தான் எல்லாவற்றையும் தட்ட வேண்டும். சாய்கோட்டோடு (கேள்விக்குறி இருக்கிற விசையில் கீழே இருக்கும் கோடு) தொடங்கும் வரி செயலிக்கு இடும் கட்டளை. மற்றதெல்லாம் அறையில் எல்லார் கண்ணிலும் படும். அறைக்குள் போகச் சாய்கோடு, அதை ஒட்டி ஆங்கிலத்தில் ஜாயின், ஓர் இடைவெளி, ஹேஷோடு அறையின் பெயர். உள்ளே போனதும் மேலே ஒரு வரி ஓடும், டாபிக் என்பார்கள். அதை முதலில் படியுங்கள். கேள்வி கேட்கும் முறை, விதிகள் இருக்கும் பக்கத்தின் முகவரி எல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். இன்னார் வந்தார், இன்னார் போனார் என்று வரிவரியாக ஓடுவதைப் பார்த்து மிரள வேண்டாம். டெபியன் அறையில் டிபிகேஜி என்ற பெயரில் சட்டென்று யாராவது பதில் சொன்னால், அது மனிதர் இல்லை, பாட், அதாவது தானாகப் பதில் சொல்லும் நிரல். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களை அதற்குள் போட்டு வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் உங்களுக்காகத்தான் அதைக் கூப்பிட்டுவிட்டிருப்பார், எனவே அது சொல்வதைப் படியுங்கள்.

இனி உங்கள் வைஃபை. டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்து, நெட்வொர்க் கார்டு எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று பாருங்கள். பல கார்டுகளுக்குப் பர்ம்வேர் என்ற தனிக் கோப்பு தேவை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல்தான் அவற்றை நிறுவல் வட்டிலேயே சேர்த்துத் தருகிறார்கள். உங்களுடைய 11-இன் சாதாரண வட்டில் அது இருக்காது. சிக்கல் அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. இருந்தாலும் அறையில் இப்படி ஒரே வரியில் கேளுங்கள்: "டெபியன் 11, பிராட்காம் பிசிஎம்4313 கார்டு, வைஃபை பட்டியலிலேயே வரவில்லை, கர்னல் செய்தியில் பர்ம்வேர் கிடைக்கவில்லை என்கிறது, எந்தப் பொதியை நிறுவ வேண்டும்?" கார்டின் பெயரை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி, பொதி என்பது நிறுவும் மென்பொருள் மூட்டை.) உடைந்த ஆங்கிலம் போதும். அங்கே பதில் சொல்கிறவர்களில் எத்தனையோ பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை.

கட்டளை துப்பிய முப்பது வரியை அப்படியே அறையில் ஒட்டிவிடாதீர்கள். வெள்ளம்போலக் கொட்டுவதாக நினைத்து உங்களை வெளியே தள்ளிவிடும். டெபியனுக்கென்றே பேஸ்ட் தளம் இருக்கிறது. அதில் ஒட்டி, கிடைக்கும் முகவரியை மட்டும் அறையில் கொடுங்கள்.

*

அம்மா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 68. நீங்கள் எழுதியதைப் பார்த்து ஓர் அறைக்குள் போனேன். பெயர்ப் பட்டியலில் நானூறு பேருக்கு மேல். "மாலை வணக்கம், ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. இருபது நிமிடம் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். மதிக்காத இடத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று தோன்றுகிறது.
— கும்பகோணம்

ஐயா, யாரும் உங்களை மதிக்காமல் இருக்கவில்லை. உங்கள் கடிதத்துக்குத்தான் நான் நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த நானூறு பெயரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நானூறு பேர் இல்லை. செயலியைத் திறந்து வைத்துவிட்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், ஒருவர் அலுவலகத்தில் இருப்பார், ஒருவர் பிள்ளையைப் பள்ளியில் விடப் போயிருப்பார். பெயர் மட்டும் அறையில் நிற்கும். அவர்கள் திரும்பி வந்ததும் மேலே ஏற்றிப் படிப்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கண்ணில் படுவது "ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்ற வரி மட்டும்தான். சந்தேகம் என்ன என்று தெரியாது, கேட்டவரும் இல்லை. எதற்குப் பதில் சொல்வார்கள்? உங்கள் வகுப்பில் பையன் கையைத் தூக்கினால் "என்னப்பா?" என்று கேட்க நீங்கள் இருந்தீர்கள். இந்த அறையில் ஆசிரியர் இல்லை. கேள்வியையே நேராகப் போட்டுவிட வேண்டும்.

இது எனக்கும் லேசில் புரியவில்லை. 2005-இல் மயிலாடுதுறையில் நானும் என் வீட்டுக்காரரும் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தோம். எட்டுக் கணினி, மணிக்கு 20 ரூபாய். டயல்-அப் போய் அப்போதுதான் பிராட்பேண்ட் வந்திருந்தது. ஒரு பென்டியம் 3-இல் டெபியனைப் போட்டு, இரண்டு நெட்வொர்க் கார்டு செருகி, அதை கேட்வே (மற்றவை இணையத்துக்குப் போகும் வாசல்) ஆக்கி, மற்ற ஏழையும் அதன் பின்னால் இணைத்தேன். ஏழிலும் ஒரு வினோதம். பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும். சின்னப் பக்கங்கள் திறக்கும். மின்னஞ்சல் பக்கம் பாதியில் நின்றுவிடும், கீழே நீலப் பட்டை முக்கால்வாசி வந்து அப்படியே உறைந்திருக்கும். கேட்வே கணினியில் மட்டும் எல்லாம் ஒழுங்காகத் திறக்கும். அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, காசு கொடுக்காமல் எழுந்து போனார்கள். அவர்களிடம் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

டெபியன் அறை அப்போது ஃப்ரீநோட் என்ற நெட்வொர்க்கில் இருந்தது. உள்ளே போய் "இன்டர்நெட் வேலை செய்யவில்லை, உதவி செய்யுங்கள்" என்று போட்டேன். பத்து நிமிடம் பார்த்தேன். வாடிக்கையாளர் வந்தார், ஜன்னலை மூடினேன். மறுநாளும் அதே வரி, அதே பத்து நிமிடம். உங்களுக்கு வந்த அதே வருத்தம் எனக்கும் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் கடை திறக்குமுன் ஒரு தாளை எடுத்து, நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் எது ஓடுகிறது, அந்தப் பக்கம் எது ஓடவில்லை என்று எழுதினேன். எழுதும்போதுதான் "பெரிய பக்கம் நிற்கிறது, சின்னப் பக்கம் திறக்கிறது" என்ற வித்தியாசமே எனக்குப் பிடிபட்டது. அதுவரை சில தளங்கள் திறக்கும், சில திறக்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அந்தத் தாளைப் பார்த்து அறையில் தட்டினேன்: "பிபிபிஓஇ இணைப்பு, ஐபிடேபிள்ஸ் வைத்துப் பகிர்கிறேன். கேட்வேயில் எல்லாம் திறக்கிறது. பின்னால் உள்ள கணினிகளில் பிங் போகிறது, சின்னப் பக்கம் திறக்கிறது, பெரிய பக்கம் பாதியில் நிற்கிறது." (பிபிபிஓஇ அந்த பிராட்பேண்டின் இணைப்பு முறை, ஐபிடேபிள்ஸ் அந்த இணைப்பை மற்றக் கணினிகளுக்குப் பகிர நான் வைத்திருந்த லினக்ஸ் கருவி.) இரண்டு நிமிடத்தில் ஒருவர் கர்னல் எந்தப் பதிப்பு என்று கேட்டார். சொன்னேன். அவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது.

யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கியது, ஆனால் மோடம் அதில் இல்லை. இரண்டு மணி நேரம் இருட்டு. எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். கரண்ட் வந்து உள்ளே போனதும் திரையில் முதல் வரி: உங்களுக்கு ஒரு மெமோ வந்திருக்கிறது. புனைபெயரைப் பதிவு செய்தவர்களுக்கு, அவர்கள் இல்லாத நேரத்தில் ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போகலாம். மெமோசர்வ் என்று பெயர். முதல் நாளே எதற்கென்று தெரியாமல் நான் பெயரைப் பதிந்து வைத்திருந்தேன். அந்த மனிதர், நான் எந்த ஊர், ஆணா பெண்ணா என்று தெரியாமல், ஒரே ஒரு ஐபிடேபிள்ஸ் வரியை அதில் விட்டுப் போயிருந்தார். அப்படியே அடித்தேன். நாலாம் நம்பர் கணினியில் மின்னஞ்சல் பக்கம் முழுசாகத் திறந்தது.

காரணம் இதுதான், ஐயா. சாதாரண நெட்வொர்க்கில் ஒரு தகவல் பொட்டலம் 1500 பைட் வரை இருக்கலாம். பிபிபிஓஇ தன் தலைப்புக்காக அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. பின்னால் இருந்த ஏழு கணினிக்கும் அது தெரியாது. 1500 என்றே நினைத்துப் பேசும், எதிர்முனையும் முழுப் பொட்டலமாக அனுப்பும். அது இந்த வழியில் நுழையாது. "சின்னதாக்கி அனுப்பு" என்று திரும்பிப் போகும் சீட்டைச் சில தளங்களின் தடுப்புச்சுவர் உள்ளே விடாது. அதனால் பெரிய பொட்டலம் சத்தமில்லாமல் காணாமல் போகும். இணைப்பு தொடங்கும்போதே எதிர்முனையிடம் "சின்னதாகவே அனுப்பு" என்று சொல்லிவிடும் விதி அந்த ஒரு வரி. 8 பைட்டுக்காக மூன்று நாள் வருமானம் போயிருந்தது.

ஆகவே ஐயா, மறுபடி போங்கள். கேள்வியை முழுதாக எழுதிப் போட்டுவிட்டு ஜன்னலைச் சுருக்கி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போங்கள். ஆனால் வெளியேறாதீர்கள். இருபது நிமிடம் இங்கே ஒரு கணக்கே இல்லை, இரண்டு மூன்று மணி நேரம் கொடுங்கள். நேரமும் பாருங்கள். நமக்கு இரவு ஏழு, எட்டு மணி என்பது ஐரோப்பாவில் பிற்பகல், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை. அப்போது அறையில் பேச்சு இருக்கும். நம் காலை ஒன்பது மணிக்கு ஐரோப்பாவில் பலரும் எழுந்திருக்கவே மாட்டார்கள். ஒருநாள் முழுக்கப் பதில் வரவில்லை என்றால், இன்னும் கொஞ்சம் விவரம் சேர்த்து மறுநாள் ஒரே ஒரு தடவை கேளுங்கள். பதில் கிடைத்துச் சரியானால், சரியாகிவிட்டது என்று அறையில் ஒரு வரி சொல்லிவிடுங்கள். சொன்னவருக்கு அதுதான் கூலி.

*

என் பெயரைத் தமிழில் வைக்கலாம் என்று பார்த்தால், செல்லாத பெயர் என்கிறது. எண்ணில் தொடங்கினாலும் ஏற்கவில்லை. ஏன் இந்தக் கெடுபிடி?
— நாகர்கோவில்

ஐஆர்சி எழுதப்பட்ட 1988-இல் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் இடம் தரும் முறை) கிடையாது, அதன் முதல் பதிப்பே 1991-இல்தான் வந்தது. எனவே புனைபெயருக்கு ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டும். எண் முதலில் வரக்கூடாது. 1993-இல் எழுதி வைத்த விதிப்படி நீளம் 9 எழுத்துதான், லிபெராவில் இப்போது 16 வரை விடுகிறார்கள். குறிகளில் ஓர் அழகான விஷயம் உண்டு. நெளிவு அடைப்புக்குறியும் சதுர அடைப்புக்குறியும் ஐஆர்சிக்கு ஒரே எழுத்தின் சின்ன வடிவம், பெரிய வடிவம். பின்லாந்தின் பழைய கணினிகளில் அந்தக் குறிகள் இருந்த இடத்தில்தான் அவர்கள் மொழியின் புள்ளி வைத்த எழுத்துகள் இருந்தன. ஆக, செய்தவர் தன் மொழிக்கு இடம் ஒதுக்கித்தான் வைத்திருந்தார். நம் மொழி அன்றைக்கு அந்த மேசையில் இல்லை.

பெயரில்தான் தடை. செய்தியைத் தாராளமாகத் தமிழில் எழுதலாம். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

*

நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து எங்கள் ஊர் லினக்ஸ் பயனர் குழுவுக்கு லிபெராவில் ஓர் அறை திறந்திருக்கிறோம். தமிழில்தான் பேசுகிறோம். நீளமாக எழுதினால் வரி பாதியில் அறுந்து, கடைசியில் கட்டம் கட்டமாக வருகிறது. ஆங்கிலத்தில் அப்படி ஆவதில்லை.
— திண்டுக்கல்

தமிழில் பேசுகிறீர்கள் என்று படித்ததும் மனம் குளிர்ந்துவிட்டது.

ஐஆர்சியில் ஒரு செய்தி மொத்தம் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும். அதில் உங்கள் பெயர், முகவரி, அறையின் பெயர் எல்லாம் போக நானூற்றுச் சொச்சம் மிஞ்சும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று. "வணக்கம்" என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு குறி, ஆக 21 பைட். அதே சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டினால் 8 பைட்தான். அப்படியானால் ஒரு செய்தியில் ஏறத்தாழ 130 குறி, எழுத்தாகப் பார்த்தால் அதைவிடக் குறைவு. மூன்று பைட்டில் இரண்டாவதோடு வரி அறுந்தால் அந்த எழுத்து கட்டமாகிவிடும். சில செயலிகள் நீள வரியைத் தாமே இரண்டாகப் பிரித்து அனுப்பும். உங்களுடையது பிரிக்கவில்லை என்றால் மாற்றிப் பாருங்கள், அல்லது இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை என்டர் தட்டுங்கள். பேச்சுக்கு அதுவே இயல்பாகவும் இருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். லிபெராவில் ஒற்றை ஹேஷ் என்பது திட்டங்களும் குழுக்களும் தங்களுடையது என்று உரிமை கோரும் அறைகளுக்கு. பொதுவாகக் கூடிப் பேசும் அறைகளுக்கு இரட்டை ஹேஷ். எதுவானாலும் சான்சர்வ் என்ற சேவையில் அறையைப் பதிவு செய்யுங்கள். நிர்வாக உரிமையை இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்து வையுங்கள். ஒருவர் கையில் மட்டும் சாவி இருந்து, அவர் வேலை மாறி வேறு ஊர் போய், அறை அனாதையானதை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், அறையோடு நிற்காமல் மாதம் ஒரு நாள் நேரிலும் கூடுங்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-இல் தொடங்கியது. பல வருடம் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில், கஜேந்திரா சர்க்கிளுக்குப் பக்கத்தில், விண்வெளிப் பொறியியல் துறையின் வகுப்பறையில் கூடிவந்தார்கள். அறையில் வெறும் புனைபெயராகத் தெரிந்தவர் நேரில் வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தால், அடுத்த மாதம் கேள்வி கேட்கக் கூச்சமே வராது.

*

புனைபெயரைப் பதிவு செய்யும் நிக்சர்வ் சேவைக்கு அனுப்பிய பாஸ்வேர்டு அறையில் எல்லார் முன்னாலும் வந்துவிட்டது! என்ன செய்ய?
— ஓசூர்

இதைப் படிக்கும் முன்பே மாற்றியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இப்போதே மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் அதையும். சாய்கோட்டுக்கு முன்னால் ஓர் இடைவெளி விழுந்திருக்கும், அதனால் செயலி அதைக் கட்டளை என்று நினைக்காமல் பேச்சென்று அனுப்பிவிட்டது. இனி இதுமாதிரியானவற்றை அறையின் ஜன்னலில் தட்டாமல் சர்வரின் ஜன்னலில் தட்டுங்கள், தவறினாலும் யார் கண்ணிலும் படாது. இன்னும் நல்லது, செயலியின் அமைப்பில் எஸ்ஏஎஸ்எல் (நுழையும்போதே உங்களைச் சரிபார்க்கும் முறை) என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டை ஒருமுறை அங்கே கொடுத்துவிடுவது. அப்புறம் தட்டவே வேண்டியதில்லை.

*

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பைத்தான் நிரல்மொழி கற்கிறாள். இந்த அறைகளில் சேரட்டுமா என்று கேட்கிறாள். பயமாக இருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் இருக்கும் இடம்தானே?
— ஈரோடு

தெரியாதவர்கள்தான். அதனால் உங்கள் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன்.

முதல் ஒரு மாதம் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போகட்டும். பெயரில் ஊர், வயது, பள்ளி, பெண் என்பது எதுவும் தெரிய வேண்டாம். நான் 2005-இல் ஒரு பூவின் பெயரை வைக்க நினைத்து, கடைசியில் ஒரு பறவையின் பெயரை வைத்தேன். அப்படியிருந்தும் தனிச்செய்தியில் வயது, பால், ஊர் கேட்டவர்கள் உண்டு. பதில் சொல்லாமல் ஜன்னலை மூடுவேன். தொல்லை தொடர்ந்தபோது, பெயருக்கு முன்னால் அட் குறி இருந்த ஒருவரிடம் சொன்னேன். அறை நிர்வாகிக்கு அதுதான் அடையாளம். சொன்ன சில நிமிடத்தில் அந்த ஆள் வெளியே. உங்கள் மகளுக்கு ஒரே விதி சொல்லிக் கொடுங்கள்: கேள்வியும் பதிலும் பொது அறையில்தான், தனியாக வா என்று கூப்பிடுகிறவர் எவ்வளவு படித்தவரானாலும் போகக் கூடாது.

இன்னும் இரண்டு. பெயரைப் பதிந்து, எஸ்ஏஎஸ்எல் வழியாக நுழைந்தால் லிபெராவில் வீட்டு இணைப்பின் ஐபி முகவரியை மறைத்துக் காட்ட வழி உண்டு, பதியாவிட்டால் எல்லாருக்கும் தெரியும். அறையில் எழுதுவது அங்கேயே கரைந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் பல அறைகளில் பேசியதெல்லாம் பொதுப் பதிவாகச் சேமிக்கப்பட்டு யாரும் தேடிப் படிக்கும்படி இருக்கிறது.

பெண்கள் அதிகம் வர வேண்டும் என்று அக்கறைப்பட்டவர்களும் அங்கே உண்டு. டெபியன் விமன் என்ற முயற்சி 2004-இல் தொடங்கியது, அதற்கென்று தனி அறையும் வைத்தார்கள். எனக்கு அது இருப்பது தெரிந்ததே பல மாதம் கழித்துத்தான். உங்கள் மகள் பெரியவளானதும் இந்தப் பெயரை அவளுக்குச் சொல்லி வையுங்கள்.

*

டெலிகிராம், மேட்ரிக்ஸ் என்று புதிய அரட்டை முறைகள் எல்லாம் வந்துவிட்ட காலத்தில் இந்தக் கிழட்டுப் பெட்டியை ஏன் சிபாரிசு செய்கிறீர்கள்? என் போனில் மேட்ரிக்ஸின் எலிமென்ட் செயலியை வைத்து லிபெரா அறைகளுக்கு வந்துகொண்டிருந்தேன், அதுவும் நின்றுவிட்டதே.
— வேளச்சேரி

மேட்ரிக்ஸுக்கும் லிபெராவுக்கும் இடையே இருந்த பாலத்தை 2023 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். இனி லிபெராவுக்கு நேராகத்தான் வர வேண்டும்.

உங்கள் குழு மேட்ரிக்ஸில் கூடுகிறதென்றால் அங்கேயே போங்கள். பயர்பாக்ஸ் உலாவியைச் செய்யும் மொசில்லாவே 2020 மார்ச்சில் தன் ஐஆர்சியை மூடிவிட்டு அங்கே போனது. ஆட்கள் இருக்கிற இடம்தான் முக்கியம். ஆனால் ஐஆர்சியின்மேல் நான் வைத்திருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் 2021 மே மாதம் கண்ணால் பார்த்தது. நான் சொன்ன அந்த ஃப்ரீநோட்டில், நிர்வாகம் யார் கையில் என்ற தகராறு முற்றி, மே 19 அன்று அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் விலகி, அன்றே லிபெரா சாட்டைத் திறந்தார்கள். சில வாரத்துக்குள் அறை அறையாக எல்லாரும் குடிமாறினார்கள். நான் செய்ததெல்லாம் செயலியின் அமைப்பில் சர்வர் முகவரி என்ற ஒரு வரியை மாற்றியதுதான். அதே செயலி, அதே புனைபெயர், பதினாறு வருடப் பழக்கமுள்ள அதே பெயர்கள் வலப்பக்கப் பட்டியலில். ஒரு கம்பெனியின் செயலியில் இருந்திருந்தால் அந்தக் கூட்டம் அப்படி எழுந்து நடந்திருக்க முடியாது. இன்னொன்று, பத்து வருடத்துக்கு முந்தைய போனிலும், 2ஜி சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்திலும் ஐஆர்சி ஓடும். எங்கள் மாமியார் ஊரில் அதுதான் ஓடுகிறது.

வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஏதாவது சும்மா கிடந்தால் அதில் இசட்என்சி என்ற மென்பொருளை நிறுவுங்கள். நீங்கள் போனை அணைத்தாலும் அது உங்களுக்காக அறையில் உட்கார்ந்து, நடந்த பேச்சைச் சேர்த்து வைத்திருக்கும்.

*

மூன்று மாதமாக ஓர் அறையில் இருக்கிறேன். போன வாரம் ஒருவர், நான் ஏற்கெனவே பட்டுத் தெளிந்த அதே சிக்கலைக் கேட்டார். பதில் தெரியும். ஆனால் ஆங்கிலம் தடுமாறும், தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்று பேசாமல் இருந்துவிட்டேன். வேறு யாரும் சொல்லவில்லை. அவர் போய்விட்டார். மனசு உறுத்துகிறது.
— விருதுநகர்

"எனக்கும் இது வந்தது, இப்படிச் செய்தேன், சரியானது" என்று தொடங்குங்கள் தம்பி. அப்படிச் சொன்னால் அது உங்கள் அனுபவம், தப்பு என்று யாரும் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். உண்மையிலேயே தப்பாக இருந்தால் அறையில் இருக்கிற இன்னொருவர் திருத்துவார், அதனால்தான் பதிலைத் தனிச்செய்தியில் சொல்லாமல் பொதுவில் சொல்ல வேண்டும். நீங்களே ஓட்டிப் பார்க்காத கட்டளையை மட்டும் கொடுக்காதீர்கள். முக்கியமாக, எதையாவது அழிக்கிற கட்டளையை.

போனவாரத்து ஆள் போய்விட்டார் என்கிறீர்கள். உங்கள் செயலியில் மேலே ஏற்றிப் பார்த்தால் அவர் புனைபெயர் இருக்கும். நீங்கள் இருப்பது லிபெரா என்றால், உங்கள் பெயரில் உள்நுழைந்துகொண்டு, மெமோசர்வுக்குச் செண்ட் என்று போட்டு, அவர் பெயர், பிறகு அந்த ஒரு வரிப் பதிலை எழுதி அனுப்புங்கள். அவர் பெயரைப் பதிந்து வைத்திருந்தால், அடுத்த தடவை நுழையும்போது அது அவர் திரையில் நிற்கும்.